பேரிங் போயிற்று என்று ஓசையே சொல்கிறது

நீண்ட பதிவு. பழைய கார் வைத்திருப்போரும் ஒலியியல் படிப்போரும் பொறுமையாகப் படிக்கலாம். இரண்டும் ஒருங்கே வாய்த்தோர் கட்டாயம் படிக்க வேண்டும்.

என் முனைவர் பட்ட ஆய்வு கோலாமி மொழியின் குறில், நெடில் உயிர்களின் கால அளவைப் பற்றியது. நடுத் திராவிட மொழிகளுள் ஒன்றான கோலாமி, தெலங்கானாவின் ஆதிலாபாத் பகுதியிலும் அதனையொட்டிய மகாராட்டிரப் பகுதிகளிலும் பேசப்படுகிறது. ஹைதராபாத்திலிருந்து ஆதிலாபாத் நகரம் ஏறத்தாழ 300 கிலோமீட்டர். தேசிய நெடுஞ்சாலை 44 வழியே செல்லலாம். அங்கிருந்து ஊர்களுக்குள் செல்லப் பேருந்துகள் குறைவு. ஆகவே அண்ணன் ஓட்டிப் பின் எனக்குத் தந்த, பன்னிரண்டு வயதான சிறிய கார்தான் நான்கு ஆண்டுகளாக என் கள ஆய்வு ஊர்தி.

கடந்த மழைக்காலத்தில் அந்தக் கார் பலமுறை முழங்கால் ஆழ நீரைக் கடந்தது. மழை ஓய்ந்த சில வாரங்களில் ஒரு ரீங்காரம் தொடங்கியது. முதல் வாரம் கண்ணாடிகளை ஏற்றினால்தான் கேட்கும். மூன்றாம் வாரம் உள்ளே இருப்போரின் பேச்சை மீறிக் கேட்டது.

அந்த மாத இறுதியில் அதே காரில் மூன்று பேரை நான் அழைத்து வர வேண்டியிருந்தது. எனக்கு மூன்று ஆண்டுகளாகத் தரவு தந்துவரும் மூதாட்டி, அவருடைய தங்கை, தங்கையின் பேரன். எழுபதைக் கடந்த அந்தப் பாட்டியின் பேச்சை இதுவரை அவர் வீட்டு முற்றத்தில்தான் பதிவு செய்திருக்கிறேன். கோழிகளும் காற்றும் கூடவே பதிவாகும். உயிரொலி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைச் சில மில்லி நொடித் துல்லியத்தில் அளக்க வேண்டிய ஆய்வுக்கு ஒருமுறையேனும் அமைதியான அறை தேவை. பேருந்தில் 300 கிலோமீட்டர் வர அவருடைய முழங்கால்கள் இடம் கொடுக்கா. வருவதற்கு அவர் ஒப்புக்கொள்ளவே இரண்டு ஆண்டுகள் ஆயின.

சக்கர பேரிங் தேயத் தொடங்கினால் முதலில் ரீங்காரம் வரும். பிறகு சக்கரத்தில் ஆட்டம் வரும். டயர் ஒருபக்கமாகத் தேயும். அப்படியே விட்டால் கடும் வெப்பத்தில் பேரிங் இறுகிப் போகலாம். மிக மோசமான நிலையில் சக்கரமே கழன்று போகலாம். நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில், பின்னிருக்கையில் இரண்டு முதியவர்களை வைத்துக்கொண்டு அதைச் சோதித்துப் பார்க்க முடியாது. உதவித்தொகை வந்து நான்கு மாதங்கள் ஆகியிருந்தன என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் சென்ற ஒரு பெரிய சேவை மையத்தில் நான்கு டயர்களையும் மாற்றச் சொன்னார்கள். மதிப்பீடு 13,000 ரூபாய்க்கு மேல். ஏறுமாறாகத் தேய்ந்த டயரும் இதே போன்ற ரீங்காரத்தைத் தரும் என்பதால் அந்த ஊகத்துக்கு அடிப்படை உண்டு. ஆனால் வண்டியை ஓட்டிப் பார்க்காமலே சொல்லப்பட்ட ஊகம் அது.

ஒலியியல் மாணவிக்கு எந்த ஓசையும் தரவுதான். ஞாயிறு காலை, வெறிச்சோடிய நேரான சாலையொன்றில் தோழி ஓட்ட, நான் பதிவுக் கருவியை இருக்கைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டேன். ஏசி, வானொலி இரண்டும் நிறுத்தம். கருவியில் தாழ் அதிர்வெண்களை வெட்டும் வடிகட்டியையும் அணைத்துவிட்டேன். மூன்று சோதனைகள் செய்தோம்.

முதலாவது, வேகத்தை மாற்றுவது. 40, 60, 80 கிலோமீட்டர் வேகங்களில் தனித்தனியே பதிவு செய்தோம். பிராட் மென்பொருளில் பார்த்தபோது, 40-இல் ஏறத்தாழ 70 ஹெர்ட்சில் இருந்த கரும்பட்டை 80-இல் ஏறத்தாழ 140-க்கு ஏறியிருந்தது. வேகம் இருமடங்கானால் ஓசையின் அதிர்வெண்ணும் இருமடங்கு.

இரண்டாவது, வேகத்தை மாற்றாமல் எஞ்சினின் சுழற்சியை மட்டும் மாற்றுவது. 60-இல் செல்லும்போது சில நொடிகள் நியூட்ரலுக்கு வந்தோம். எஞ்சின் ஓசை சட்டெனத் தாழ்ந்தது; ரீங்காரம் தாழவில்லை. வண்டியின் வேகம் குறையக் குறைய அதுவும் மெல்ல இறங்கியது. ஆகவே எஞ்சினும் கிளட்சும் காரணமல்ல. (இதைச் செய்வோர் சாவியை அணைத்துவிடக் கூடாது, பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் கிடைக்கும் துணைவிசை போய்விடும்.)

மூன்றாவது, சாலைப் பரப்பை மட்டும் மாற்றுவது. சொரசொரப்பான பழைய தார்ச்சாலையிலிருந்து புதிதாக இட்ட வழவழப்பான தார்ச்சாலைக்கு ஒரே வேகத்தில் சென்றோம். டயரின் இரைச்சல் மாறியது. ரீங்காரம் மாறவில்லை. டயரின் மீதிருந்த ஐயம் பெருமளவு நீங்கியது.

மொழியியல் முதலாண்டு மாணவர்களுக்கு இம்முறை பழக்கமானது. ‘கல்’, ‘கால்’ என்ற இரண்டு சொற்களை எடுத்து, மற்ற ஒலிகள் மாறாதிருக்க உயிரின் அளவை மட்டும் மாற்றி, பொருள் மாறுகிறதா என்று பார்க்கிறோம். மாறினால் அந்த வேறுபாடு மொழிக்கு இன்றியமையாதது. ஓர் ஒலியைத் தனியே எவ்வளவு நேரம் கேட்டாலும் அது எந்த ஒலியன் என்று தெரியாது. எதனோடு மாறுபடுகிறது என்பதில்தான் அதன் அடையாளம் இருக்கிறது. காரின் ஓசையும் அவ்வாறே. ரீங்காரத்தைக் கேட்டு மட்டும் டயரா பேரிங்கா என்று சொல்ல இயலாது. எதை மாற்றினால் அது மாறுகிறது, எதை மாற்றினாலும் அது மாறவில்லை என்பதே விடை.

இவ்வளவும் செய்தபின் எனக்குக் கிடைத்த முடிவு, ‘ஏதோ ஒரு சக்கரத்தின் பேரிங்’ என்பதுதான். எந்தச் சக்கரம் என்பதை ஒலிப்படம் சொல்லவில்லை. காரின் உடல் முழுவதும் அதிர்வைக் கடத்துவதால் ஓசை எல்லாத் திசைகளிலிருந்தும் வருவது போலவே இருந்தது.

லிங்கம்பள்ளிப் பக்கம் ஒரு சந்தில் இருக்கும் பட்டறைக்குத் தோழி அழைத்துச் சென்றாள். அறுபது வயது மதிக்கத்தக்க உஸ்தாத். அவரிடம் தொழில் பழகும் இருபது வயது இளைஞன். உஸ்தாத் வண்டியைத் தொடுமுன் கேள்விகள் கேட்டார். எப்போது தொடங்கியது? தண்ணீரில் போனதா? நியூட்ரலில் போகிறதா, இருக்கிறதா? பிரேக் மிதித்தால் மாறுகிறதா? பிறகு என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து அவரே ஓட்டினார். ஆளில்லாத அகலமான சாலையில் சீரான வேகத்தில் ஸ்டியரிங்கை மெல்ல இடப்பக்கமும் வலப்பக்கமும் அசைத்தார். இடப்பக்கம் திரும்பும்போது ரீங்காரம் தடித்தது. வலப்பக்கம் திரும்பும்போது மெலிந்தது. வண்டி இடப்பக்கம் திரும்பினால் எடை வலப்பக்கச் சக்கரங்களின் மீது சாய்கிறது. பளு ஏறும் பேரிங் கூடுதலாக முனகும். என் மூன்று சோதனைகளையும் அவர் பத்து நிமிடத்தில் முடித்து, நான்காவதையும் சேர்த்துவிட்டார்.

திரும்பி வந்ததும் சொன்னார்: “பேரிங் கயா போல்கே ஆவாஜிச் போல்ரீ நா பேட்டா.”

பேரிங் போயிற்று என்று ஓசையே சொல்கிறதே, மகளே. இந்தத் தக்னி வாக்கியத்தை அப்போதே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். ‘போல்கே’ என்றால் ‘சொல்லி’. தமிழின் ‘என்று’, தெலுங்கின் ‘அனி’ ஆகியவை எவ்வாறு ‘சொல்’ எனும் பொருளுடைய வினையிலிருந்து பிறந்து மேற்கோள் சொற்களாக நிற்கின்றனவோ, அவ்வாறே தக்னியில் ‘போல்கே’ நிற்கிறது. வடக்கின் உருதுவில் மேற்கோளுக்கு முன்னே ‘கி’ வரும். தக்கணத்தில் திராவிட மொழிகளோடு நூற்றாண்டுகள் பழகிய தக்னியில் மேற்கோளுக்குப் பின்னே ‘போல்கே’ வருகிறது. ‘ஆவாஜிச்’ என்பதன் இறுதியில் உள்ள ‘இச்’ நம் ஏகாரம், மராத்தியின் கொடை. ஒரு பட்டறை வாக்கியத்துக்குள் தக்கணத்தின் வரலாறே இருந்தது. அதைவிட, ஓசையைப் பேசுபவராகவும் தம்மைக் கேட்பவராகவும் அவர் அமைத்துக்கொண்ட விதம் எனக்குப் பிடித்தது.

பிறகு முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கித் தாங்கிகளில் நிறுத்தினார்கள். உஸ்தாத் இளைஞனிடம் விடையைச் சொல்லவில்லை. முதலில் இடச் சக்கரத்தின் சுருள்வில்லில் கையை வைக்கச் சொல்லிச் சக்கரத்தைச் சுழற்றினார். பின்னர் வலச் சக்கரத்தில் அதையே செய்தார். “க்யா ஹை?” என்று மட்டும் கேட்டார். இளைஞன் கண்ணை மூடிக்கொண்டு, “சீதே ஹாத் கா கிர்கிர் ஹை” என்றான். வலக்கைப் பக்கத்தில் ‘கிர்கிர்’. என்னையும் கை வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். இடப்பக்க வில்லில் ஒன்றுமில்லை. வலப்பக்க வில்லில், பல்லிடுக்கில் மணல் அகப்பட்டது போன்ற நறநறப்பு விரல்நுனிக்கு வந்தது. ஒலியியல் ஆய்வகத்தில் எங்களுக்கும் இப்படித்தான் கற்பித்தார்கள்: ஆசிரியர் இரண்டு ஒலிகளை ஒலிப்பார், எது எதுவென்று நாங்கள் எழுதிய பிறகே விடையைச் சொல்வார்.

கடைசிச் சோதனை ஆட்டத்துக்கு. சக்கரத்தைக் கடிகார முகமாகக் கொண்டால் 12-லும் 6-லும் பிடித்து உள்ளும் வெளியும் ஆட்டினார். மெல்லிய ஆட்டம் இருந்தது. 3-லும் 9-லும் மட்டும் ஆட்டம் இருந்தால் ஸ்டியரிங் இணைப்புகளை ஐயுற வேண்டும். 12-லும் 6-லும் ஆட்டம் இருந்தால் பேரிங்கோ கீழேயுள்ள பால் ஜாயின்டோ காரணமாகலாம். இவ்விரண்டில் எது? இளைஞன் உள்ளே ஏறிப் பிரேக்கை மிதித்தான். உஸ்தாத் மீண்டும் ஆட்டினார். ஆட்டம் மறைந்தது. சக்கரத்தோடு சுழலும் ஹப்பையும் சுழலாத நக்கிளையும் பேரிங் இணைக்கிறது. பிரேக் பிடித்தால் அவ்விரண்டும் பேரிங்கின் துணையின்றியே இறுகப் பற்றிக்கொள்கின்றன. ஆட்டம் பேரிங்கில் இருந்தால் மறையும். பால் ஜாயின்டில் இருந்தால் மறையாது. இதைவிடத் தூய்மையான ஒரு வேற்றுமைச் சோதனையை நான் எந்த மொழியியல் கட்டுரையிலும் படித்ததில்லை.

மாற்றும் வேலை அரை நாள் எடுத்தது. சக்கரம் தரையில் இருக்கும்போதே ஆக்சில் நட்டைத் தளர்த்திவிட்டுப் பிறகு தூக்கினார்கள். காலிப்பரைக் கழற்றிக் கம்பியில் தொங்கவிட்டார்கள். பிரேக் குழாயில் அதன் எடை விழக் கூடாது. நக்கிளை முழுதாகக் கழற்றிப் பக்கத்திலிருந்த லேத் பட்டறையின் அழுத்து எந்திரத்துக்கு எடுத்துச் சென்றார்கள். ஹப்பைத் தள்ளி எடுத்தபோது பழைய பேரிங்கின் உள் ரேஸ் அதனோடு ஒட்டிக்கொண்டு வந்தது. கிரைண்டரால் கீறி, உளியால் ஒரே தட்டில் உடைத்தார்கள். சர்க்ளிப்பைக் கழற்றி மீதியைத் தள்ளினார்கள். வெளி ரேஸில் ஓரிடத்தில் உலோகம் செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தது. கிரீஸ் பால் ஊற்றிய தேநீரின் நிறத்தில் இருந்தது. ரப்பர் சீலைக் கடந்து நீர் புகுந்ததன் அடையாளம் அது.

புதியதை ஏற்றும்போது உஸ்தாத் ஒரே ஒரு விதியைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: விசை குண்டுகளின் வழியே போகக் கூடாது. நக்கிளுக்குள் பேரிங்கை ஏற்றும்போது வெளி ரேஸை மட்டும் அழுத்த வேண்டும். பின்னர் ஹப்பை உள்ளே ஏற்றும்போது உள் ரேஸுக்குக் கீழே முட்டுக் கொடுக்க வேண்டும். மாற்றிச் செய்தால் குண்டுகள் ரேஸில் பதிந்து சிறு குழிகள் விழும். புதிய பேரிங் முதல் நாளிலிருந்தே முனகும். பொறியியலில் இதற்குப் ‘பிரினெல்லிங்’ என்று பெயர். கடினத்தன்மைச் சோதனையை 1900-இல் வெளியிட்ட சுவீடன் நாட்டு யோகான் ஆகஸ்ட் பிரினெல்லின் பெயரால் வந்தது. உஸ்தாத் அதைத் ‘தாக்’ என்கிறார். கறை.

காத்திருந்த நேரத்தில் அலமாரியில் இருந்த பேரிங் பெட்டிகளைப் படித்தேன். அந்த எண்களுக்கு ஓர் இலக்கணம் உண்டு. 6205 என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டார்களிலும் சலவை எந்திரங்களிலும் இருப்பது. 6 என்றால் ஆழப் பள்ளமுள்ள குண்டு பேரிங். 2 அளவுத் தொடரைக் குறிக்கிறது. இறுதி 05-ஐ ஐந்தால் பெருக்கினால் 25. அது உள்துளையின் விட்டம், மில்லிமீட்டரில். பின்னொட்டாக 2ஆர்எஸ் வந்தால் இருபுறமும் ரப்பர் சீல். சி3 வந்தால் உள்ளிடைவெளி வழக்கத்தைவிடக் கூடுதல். விதிவிலக்கும் உண்டு: 00, 01, 02, 03 ஆகியவை முறையே 10, 12, 15, 17 மில்லிமீட்டர். 04-இலிருந்துதான் ஐந்தால் பெருக்கும் விதி. ஆங்கிலத்தில் பதினொன்றும் பன்னிரண்டும் தனிச்சொற்களாக நின்று பதின்மூன்றிலிருந்து ஒழுங்கு தொடங்குவதைப் போன்றது இது.

அதே 6205-இல் வழக்கமாக ஒன்பது குண்டுகள். வெளி ரேஸில் ஒரு பழுது இருந்தால், அச்சு ஒருமுறை சுற்றும்போது ஏறத்தாழ 3.58 முறை தட்டும். உள் ரேஸில் இருந்தால் 5.42 முறை. இரண்டையும் கூட்டினால் 9, அதாவது குண்டுகளின் எண்ணிக்கை. இந்த விகிதத்தை வடிவமைப்பே தீர்மானிக்கிறது. என் காரின் பேரிங் வேறு அளவு. ஆனால் விதி ஒன்றே. ரீங்காரம் வண்டியின் வேகத்தை நிழல்போல் தொடர்ந்ததற்குக் காரணம் இதுதான்.

பேரிங் 1,150 ரூபாய், லேத் 300, கூலி 900. மொத்தம் 2,350. ஆக்சில் நட்டைப் புதியதாகப் போட்டு, டார்க் ரெஞ்சால் கையேட்டில் உள்ள அளவுக்கு முறுக்கிய பிறகே வண்டியின் எடையைச் சக்கரத்தின் மீது இறக்கினார்கள். மறுநாள் அதே சாலையில் அதே வேகங்களில் மீண்டும் பதிவு செய்தேன். 70-இலும் 140-இலும் இருந்த பட்டைகள் இல்லை.

பாட்டியும் தங்கையும் பேரனும் மாத இறுதியில் வந்தார்கள். நிர்மலைக் கடந்ததும் பாட்டி உறங்கிவிட்டார். இரண்டு நாள்களில் ஆறு மணி நேரப் பதிவு கிடைத்தது.

இந்தப் பதிவை எழுதத் தூண்டியது ‘கிர்கிர்’ என்ற அந்தச் சொல். பட்டறையில் இருந்த அரை நாளில் உஸ்தாத்தும் இளைஞனும் பயன்படுத்திய ஓசைச் சொற்களைக் குறித்துக்கொண்டேன். ‘கூன்கூன்’ என்றால் பேரிங்கின் ரீங்காரம். திரும்பும்போது மட்டும் ‘கட்கட்’ என்றால் ஆக்சில் மூட்டு. ‘சீ’ என்று நீண்டால் தேய்ந்த பிரேக் கட்டை. ‘கிர்கிர்’ செவிக்கன்று, கைக்கு. ஒவ்வொன்றும் ஒரு பழுதைச் சுட்டுகிறது. ஒன்றின் இடத்தில் மற்றொன்றைச் சொன்னால் இளைஞன் வேறு பாகத்தைக் கழற்றத் தொடங்குவான். பொருள் வேறுபடுத்தும் தனித்தனி உறுப்புகள் கொண்ட ஓர் அமைப்பு இது.

இத்தகைய சொற்களை இரட்டைக்கிளவி என்றும் ஒலிக்குறிப்பு என்றும் நம் இலக்கணங்கள் பழங்காலந்தொட்டுப் பேசுகின்றன. கோலாமிக்கு 1955-இல் இலக்கணம் வெளியிட்ட எம். பி. எமனோ, 1969-இல் எழுதிய கட்டுரையொன்றில், இவை திராவிட, இந்தோ ஆரிய மொழிக் குடும்பங்களைக் கடந்து இந்திய மொழிப் பரப்புக்கே பொதுவான கூறு என்று காட்டினார். ஆயினும் இன்றும் நாம் இவற்றைக் கவிதை, தாலாட்டு, கதைசொல்லல் ஆகியவற்றிலிருந்தே தொகுக்கிறோம். இவை உணர்ச்சிக்கும் அழகுக்கும் உரியவை என்ற எண்ணம் நம்மிடம் இருக்கிறது. பட்டறையில் இவை கலைச்சொற்கள்: துல்லியமானவை, கற்பிக்கப்படுபவை, தேர்வு வைக்கப்படுபவை. மூன்று உயிர்கள் நெடுஞ்சாலையில் பாதுகாப்பாக வருவது ஒரு ‘கிர்கிர்’ சரியாக அடையாளம் காணப்படுவதைச் சார்ந்திருந்தது.

கள ஆய்வுக்குப் பழைய கார் எடுத்துச் செல்லும் நண்பர்களுக்கு: வேகத்தோடு ஏறும் ரீங்காரம் கேட்டால் நியூட்ரல், சாலைப் பரப்பு, இட வலத் திருப்பம் ஆகிய மூன்றையும் பார்த்துவிட்டுப் பட்டறைக்குச் செல்லுங்கள். சக்கரத்தைக் கழற்றி மாட்டிய எந்த வேலைக்குப் பிறகும் நூறு கிலோமீட்டருக்குள் சக்கர நட்டுகளை மறுபடி சரிபாருங்கள்.

மொழி மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்ப் பட்டறையிலோ, நெசவுக்கூடத்திலோ, அரைவை ஆலையிலோ எந்திரத்தின் ஓசைக்கு என்ன சொல் வழங்குகிறது, அது எந்தப் பழுதைக் குறிக்கிறது என்று எழுதுங்கள். மொழி, ஊர், தொழில் மூன்றையும் குறிப்பிட வேண்டும். சொன்னவரின் ஒப்புதலையும் பெற்றுக்கொள்ளுங்கள். என்னிடம் இப்போதைக்கு லிங்கம்பள்ளியின் நான்கு சொற்கள் உள்ளன.